ஸ்பைடர் கதைகளை எழுதியது யார்? பரணில் தொடங்கிய ஒரு விவாதம்

#1 கூர்மண்டை ரசிகன்

நண்பர்களே, வீடு மாற்றும் வேலையில் இருக்கிறேன். பரணில் இருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. உள்ளே 80களில் நான் சேர்த்த லயன் காமிக்ஸ். எலி தின்றது போக மிஞ்சியதில் நான்கு ஸ்பைடர் கதைகள் (ஸ்பைடர்மேன் இல்லை, இவன் வேறு ஆள்). அட்டையும் முதல் பக்கங்களும் போய்விட்டதால் தலைப்புகூடத் தெரியவில்லை. ஆனால் அவன் பறக்கும் ஹெலிகாரும் வலைத் துப்பாக்கியும் அந்தக் கூர்க் காதும் அப்படியே இருக்கின்றன. வேலையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து படித்தேன். வீட்டில் திட்டு விழுந்தது, அது தனிக் கதை.

கல்லூரியில் படிக்கும் என் மகள் ஒன்றை எடுத்துப் புரட்டிவிட்டு, "இதை எழுதினது யாருப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நாற்பது வருஷமாக இந்தக் கேள்வி என் மண்டையில் உதிக்கவே இல்லை என்பதுதான் வெட்கம். சிவகாசியில் அச்சானது தெரியும், மூலம் இங்கிலாந்து என்று தெரியும். எழுதிய ஆள் யார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பழையபேப்பர்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் ஐயா. உட்காருங்கள், கொஞ்சம் நீளும்.

ஸ்பைடர் 1965 ஜூனில் லண்டனில் வந்துகொண்டிருந்த 'லயன்' வார இதழில் தொடங்கியது. நம் லயன் 1984இல் வந்தது, அது வேறு. உருவாக்கி முதலில் எழுதியவர் டெட் கோவன், வரைந்தவர் ரெக் பன். அந்த இருட்டுக் கோடுகளும் காது வரை இழுத்த சிரிப்பும் ரெக் பன்னுடைய கைவேலை. அடுத்த ஆண்டே கதை எழுதும் வேலை அமெரிக்கர் ஒருவர் கைக்குப் போனது. ஸ்பைடர் முடியும்வரை பெரும்பாலான வாராந்திரக் கதைகள் அவருடையவைதான்.

அவர் பெயர் ஜெர்ரி சீகல். ஆமாம், சூப்பர்மேனை உருவாக்கிய அதே ஜெர்ரி சீகல்.

அந்த நாளில் பிரிட்டிஷ் வார இதழ்கள் எழுத்தாளர் பெயரையோ ஓவியர் பெயரையோ போடுவதில்லை. லண்டன் பையனுக்கே தெரியாது என்றால் சாத்தூர்ப் பையனுக்கு எப்படித் தெரியும்?

#3 சின்னதம்பி

அண்ணே, விளையாடாதீர்கள். சூப்பர்மேனை உருவாக்கியவர் எதற்கு இங்கிலாந்தில் வாரம் இரண்டு பக்கக் கதை எழுதிக்கொண்டிருக்கிறார்? அவர் கோடீஸ்வரராக இருந்திருக்க வேண்டாமா?

#4 பழையபேப்பர்

தம்பி, அதுதான் கதையே.

1914இல் ஓகையோ மாநிலம் கிளீவ்லாந்தில் பிறந்தவர். லிதுவேனியாவில் இருந்து போன யூதக் குடும்பம், ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா துணிக்கடை வைத்திருந்தார். க்ளென்வில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது ஜோ ஷஸ்டர் நண்பரானார். ஷஸ்டர் வரைவார், சீகல் எழுதுவார். இரண்டு பேருக்கும் கண்ணாடி, இரண்டு பேருக்கும் கூச்சம், இரண்டு பேர் வீட்டிலும் காசில்லை.

கூட்டாளிகள் கையால் ஓட்டிய ஒரு விஞ்ஞானக் கதைப் பத்திரிகை உண்டு. அதன் 1933 ஜனவரி இதழில் சீகல் எழுதிய கதையில்தான் 'சூப்பர்மேன்' என்ற பெயர் முதலில் வருகிறது. அதில் சூப்பர்மேன் வில்லன்! மொட்டைத் தலை, பிறர் மனத்தைப் படிக்கும் சக்தி, உலகை ஆளும் ஆசை. அந்தக் கதையைக்கூட அவர் சொந்தப் பெயரில் போடவில்லை. ஹெர்பர்ட் எஸ். ஃபைன் என்று புனைபெயர்.

அப்புறம் அந்த வில்லனைத் தூக்கி நாயகனாக்கினார். பத்திரிகைச் சித்திரத் தொடராக விற்க வருஷக்கணக்கில் அலைந்தார்கள், எல்லா நிறுவனமும் திருப்பி அனுப்பின. கடைசியில் 1938 மார்ச்சில் 13 பக்கக் கதையை, பக்கம் 10 டாலர் வீதம் 130 டாலருக்கு, இன்று டிசி என்று நாம் சொல்லும் நிறுவனம் வாங்கிக்கொண்டது. கதையோடு பாத்திரத்தின் உரிமையும் போயிற்று. அந்தக் கதையோடு 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் அதே ஆண்டில் வந்தது. அதன் நல்ல நிலையிலுள்ள பிரதி ஒன்று 2024இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

#5 கணக்குப்பிள்ளை

இந்த 130 டாலர் புராணம் எல்லா இடத்திலும் ஓடுகிறது. கேட்டால் கண்ணில் தண்ணீர் வரும். ஆனால் மீதிக் கணக்கையும் சொல்லுங்கள். 1938இல் இருந்து 1947 வரை இந்த இருவருக்கும் சேர்த்து நிறுவனம் கொடுத்தது 4 லட்சம் டாலருக்கு மேல். அந்தக் காலத்துப் பணம். பக்கத்துக்கு இவ்வளவு, பத்திரிகைத் தொடருக்கு இவ்வளவு என்று வந்துகொண்டேதான் இருந்தது. 1940 வாக்கில் இவர்கள் உதவி ஓவியர்களை வைத்துத் தனிக் கூடமே நடத்தினார்கள்.

கையெழுத்துப் போட்டது யார்? இவர்கள்தான். 23 வயது, சின்னப் பிள்ளைகள் அல்ல. எனக்கு இரக்கம் இருக்கிறது, ஆனால் ஏமாற்றப்பட்ட அப்பாவி என்ற சட்டத்துக்குள் மாட்டினால் பாதி உண்மை வெளியே நின்றுவிடும்.

#6 வக்கீல் குமாஸ்தா

கணக்குப்பிள்ளை சொல்லும் தொகை சரி. முடிவில்தான் எனக்குச் சம்மதமில்லை.

அந்த 4 லட்சம் கூலி. எழுதினால், வரைந்தால் கிடைக்கும். நிறுத்தினால் நின்றுவிடும். இன்னொரு பக்கம் வானொலி, பொம்மை, பனியன், கார்ட்டூன் படம் என்று பணம் கொட்டியது. பாத்திரத்தின் சொந்தக்காரருக்குத்தான் அதில் உரிமை. அந்த ஓட்டத்தில் இருந்து இவர்களுக்கு வந்தது சொட்டுதான்.

போருக்குப் போன இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 1943இல் சீகல் ராணுவத்துக்குப் போனார், ஹவாயில் ராணுவப் பத்திரிகையில் வேலை. சூப்பர்மேனின் சிறுவயதுக் கதைகளை 'சூப்பர்பாய்' என்று எழுதலாம் என்று அவர் 1938இலேயே எழுதிக் கொடுத்திருந்தார், நிறுவனம் வேண்டாம் என்றது. அவர் சீருடையில் இருக்கும்போது, 1945 தொடக்கத்து இதழில், அவரைக் கேட்காமலே சூப்பர்பாய் வந்துவிட்டது.

1947இல் வழக்குப் போட்டார்கள். கேட்டது 50 லட்சம் டாலரும் சூப்பர்மேன் உரிமையும். நீதிமன்றம், சூப்பர்மேன் நிறுவனத்துக்கே சொந்தம், விற்றது விற்றதுதான், ஆனால் சூப்பர்பாய் சீகலுடையது என்றது. பாதி வெற்றிதானே? அங்கேதான் சறுக்கினார். 1948இல் சமரசம். ஏறக்குறைய 94,000 டாலர் வாங்கிக்கொண்டு சூப்பர்பாயையும் எழுதிக் கொடுத்துவிட்டார். வக்கீல் கூலி போக மிச்சம் எவ்வளவு நின்றிருக்கும் என்று நம் தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும்.

வேலையும் போயிற்று. அதைவிடப் பெரிய அடி, சூப்பர்மேன் கதைகளின் தலையில் இருந்த 'ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர்' என்ற வரியை எடுத்துவிட்டார்கள். 1975 முடியும்வரை அது திரும்பவில்லை.

#7 நிழலெழுத்து

பல மாதமாகப் படித்துவிட்டு மட்டும் போகிறவள் நான். இந்த இழைக்காக எழுதுகிறேன்.

நான் ஒரு பத்திரிகைக்கு இரண்டு வருஷம் தொடர்கதை எழுதினேன். என் பெயரில் இல்லை. பிரபலமான ஒருவர் பெயரில் வந்தது, பேச்சு அப்படித்தான். பணம் மாசாமாசம் சரியாக வந்துவிடும், குறை சொல்ல மாட்டேன். ஒரு நாள் பேருந்தில் பக்கத்து சீட்டு அம்மா அந்த வார அத்தியாயத்தைப் படித்துவிட்டுத் தோழியிடம், "என்னமா எழுதியிருக்கார் பாரு" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இறங்கும் இடம் தாண்டிப் போய்விட்டது.

அதனால் கணக்குப்பிள்ளை சார், எவ்வளவு கிடைத்தது என்ற கணக்கு வேறு, பெயரை எடுத்தது வேறு. நானாவது ஒத்துக்கொண்டுதான் பெயரை விட்டேன். அவருடைய பெயர் பத்து வருஷம் அச்சில் இருந்துவிட்டு அழிக்கப்பட்டது.

#8 கணக்குப்பிள்ளை

ஒத்துக்கொள்கிறேன் அம்மா. பெயர் விஷயத்தில் எனக்கு வாதமில்லை.

ஆனால் இன்னொன்று கேட்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சூப்பர்மேனுக்கு அப்புறம் இந்த மனிதர் உருப்படியாக என்ன எழுதினார்? 1948இல் ஷஸ்டரோடு சேர்ந்து 'ஃபன்னிமேன்' என்று ஒரு கோமாளி நாயகனைக் கொண்டுவந்தார். ஆறு இதழில் கடை கட்டியாயிற்று. ஒரு அடி அதிர்ஷ்டத்தில் பட்டது, அவ்வளவுதான் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நானும் பாதி அந்தக் கட்சி.

#9 பழையபேப்பர்

மீதிப் பாதியை இந்தப் பக்கம் இழுத்துவிடுகிறேன்.

சூப்பர்மேனுக்கு முன்னாலேயே ஷஸ்டரோடு டாக்டர் அக்கல்ட் (1935), ஸ்லாம் பிராட்லி (1937) என்று இரண்டு நாயகர்கள். பிந்தையது 'டிடெக்டிவ் காமிக்ஸ்' முதல் இதழில் வந்தது, பேட்மேன் அந்தப் பத்திரிகைக்குள் நுழைய இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. 1940இல் பெர்னார்ட் பெய்லியோடு 'ஸ்பெக்டர்', செத்துப்போன போலீஸ்காரன் ஆவியாக வந்து நியாயம் தீர்க்கிற கதை. இன்றைக்கும் ஓடுகிறது.

1940இல் எழுதி அச்சேறாமல் போன ஒரு கதையும் உண்டு, 26 பக்கம். வானில் இருந்து வரும் உலோகம் ஒன்று சூப்பர்மேனின் பலத்தை உறிஞ்சுகிறது. கிரிப்டோனைட் என்ற பெயரை நாம் கேள்விப்படும் முன்பே அந்த யோசனை! அதே கதையில் சூப்பர்மேன் சாதாரண மனிதனாக உலவும் வேடமான கிளார்க் கென்ட், காதலி லோயிஸிடம் தான்தான் சூப்பர்மேன் என்று ஒப்புக்கொள்கிறான். ஆசிரியர் குழு ஒத்துக்கொள்ளவில்லை. லோயிஸ் தெரிந்துகொண்டால் கதை முடிந்துவிடும் என்ற பயம். சீகலுக்கு அது கதை வளர்கிற இடமாகத் தெரிந்திருக்கிறது. ஐம்பது வருஷம் கழித்து நிறுவனமே அதைச் செய்தது.

ஆனால் அவர் உயரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இன்னும் இருபது வருஷம் தள்ளி வர வேண்டும்.

1959இல் வேறு வழியில்லாமல், தான் வழக்குப் போட்ட அதே நிறுவனத்துக்கு, மோர்ட் வைசிங்கர் என்ற ஆசிரியரின் கீழே, பெயரில்லாத கூலி எழுத்தாளராகத் திரும்பினார். தன் பிள்ளைக்குத் தானே சம்பளத்துக்குச் சோறூட்டப் போனதுபோல. வைசிங்கர் எழுத்தாளர்களைக் கண்ணீர் விட வைப்பதில் பேர் போனவர். அந்தச் சூழலில் எழுதிய இரண்டு கதைகளைப் பாருங்கள்.

ஒன்று, 1960இல் வந்த 'சூப்பர்மேன் கிரிப்டானுக்குத் திரும்புகிறான்'. தற்செயலாகக் கடந்த காலத்துக்குப் போய், வெடித்துச் சிதறப் போகும் தன் பிறந்த கிரகத்தில் இறங்குகிறான். அங்கே சக்தி கிடையாது, சாதாரண மனிதன். அப்பா அம்மாவைப் பார்க்கிறான், தான் யாரென்று சொல்ல முடியாமல் அவர்களோடு பழகுகிறான். லைலா என்ற நடிகை மேல் காதல். உலகம் அழியப் போவது தெரிந்தும் அங்கேயே இருந்து அவர்களோடு செத்துவிடலாம் என்று தீர்மானிக்கிறான். கதை அவனை அங்கே இருக்க விடாமல் தூக்கி வெளியே எறிந்துவிடுகிறது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கான புத்தகத்தில் இது!

இன்னொன்று 1961இல் வந்த 'சூப்பர்மேனின் மரணம்'. கற்பனைக் கதை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, பரம எதிரி லெக்ஸ் லூதர் திருந்தியதாக நடித்து, நண்பனாகி, நம்ப வைத்துக் கொல்கிறான். கடைசியில் சூப்பர்மேன் பிழைத்து எழவில்லை. செத்தவன் செத்தவன்தான். சவப்பெட்டி, வரிசையாக வந்து அழும் நண்பர்கள். பெயர் இல்லாத எழுத்தாளர் தன் பாத்திரத்துக்குத் தானே எழுதிய இறுதிச் சடங்கு. இதில் ஒப்பாரி கேட்காதவர்கள் காது கொஞ்சம் சோதிக்க வேண்டியது.

#10 சின்னதம்பி

அண்ணே, ஒரு இடத்தில் படித்தேன். அவருடைய அப்பா கடைக்குத் திருடர்கள் வந்தபோது இறந்தார், அதனால்தான் குண்டு துளைக்காத நாயகனை உருவாக்கினார் என்று. அதுதான் மூலகாரணமா?

#11 வக்கீல் குமாஸ்தா

1932 ஜூனில் அப்பா இறந்தது உண்மை. கடையில் திருட்டு நடந்தபோது சரிந்து விழுந்தார், மாரடைப்பு. ஆனால் சீகல் தன் பேட்டிகளில் அதைச் சூப்பர்மேனோடு முடிச்சுப் போட்டுப் பேசியதில்லை. பின்னால் வந்தவர்கள் போட்ட முடிச்சு. அவர் திரும்பத் திரும்பச் சொன்னது வேறு: பள்ளியில் பெண்கள் தன்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, எனக்குள் என்ன இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரிந்தால் எப்படி இருக்கும் என்ற ஏக்கம்தான் கிளார்க் கென்ட் என்பார்.

#12 நிழலெழுத்து

அப்பா விஷயத்தை அவர் பேசவில்லை என்பதாலேயே அது இல்லை என்றாகிவிடாது சார். பேசாததை எழுதுவதற்குத்தானே எழுத்து. பழையபேப்பர் ஐயா சொன்ன கிரிப்டான் கதையில் அப்பாவின் பக்கத்தில் நின்றும் காப்பாற்ற முடியாமல் தவிக்கிற மகன் வருகிறானே. அதற்கு மேல் நான் தோண்ட மாட்டேன்.

#13 கூர்மண்டை ரசிகன்

நான் வேறு எதற்கோ வந்தேன், இழை எங்கேயோ போய்விட்டது. சந்தோஷம்தான். ஆனால் ஸ்பைடருக்கு எப்படி வந்தார், அதைச் சொல்லுங்கள். எனக்கு என் கூர்மண்டை முக்கியம்.

#14 பழையபேப்பர்

வருகிறேன் ஐயா.

60களில் அவர் எங்கெல்லாம் எழுதினார் என்று பார்த்தால் தலை சுற்றும். மார்வெலில் 1963இல் 'மனித தீப்பந்தம்' (ஹியூமன் டார்ச்) என்ற நாயகனின் கதைகள் இரண்டு, 'ஜோ கார்ட்டர்' என்ற புனைபெயரில். மனைவி ஜோயன் மாடலாக இருந்தபோது வைத்துக்கொண்ட பெயர் கார்ட்டர், அதில் இருந்து எடுத்தது. (லோயிஸ் லேனை வரைய மாடலாக நின்ற அதே ஜோயன்தான், 1948இல் கல்யாணம்.) ஆர்ச்சி நிறுவனத்தில் 'ஃப்ளை மேன்', 'மைட்டி க்ரூசேடர்ஸ்'. அதற்கிடையே சூப்பர்மேன் காப்புரிமையின் முதல் 28 ஆண்டுக் காலம் முடியப்போகிறது, புதுப்பிக்கும் உரிமை தங்களுடையது என்று மறுபடி மோதலில் இறங்கினார். அத்தோடு அந்த வீட்டு வாசல் இரண்டாம் முறை மூடியது. அப்படிப்பட்ட நேரத்தில் கடல் தாண்டி வந்த வேலைதான் ஸ்பைடர்.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். ஸ்பைடர் முதலில் யார்? குற்றவாளி. நியூயார்க்கையே ஆட்டிப் படைக்கும் குற்றச் சக்கரவர்த்தி ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறவன். பூட்டு உடைக்கும் ஆர்டினியையும் விஞ்ஞானி பெல்ஹாமையும் கூலிக்குச் சேர்த்துக்கொள்கிறான். சீகல் காலத்தில் அவன் மற்றக் குற்றவாளிகளை வேட்டையாடுகிறவனாக மாறுகிறான். நல்லவனாகிவிட்டான் என்று சொல்ல முடியாது, தன்னைவிடப் பெரிய கெட்டவன் இருப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை! 1933இல் ஒரு வில்லனை எழுதி, பிறகு அதே பெயரில் நாயகனைச் செய்த மனிதர், முப்பது வருஷம் கழித்து வேறொருவர் உருவாக்கிய வில்லனை வைத்து அதே வேலையைச் செய்கிறார். இது எனக்குத் தோன்றுவது, ஆதாரம் கேட்காதீர்கள்.

வாரம் இரண்டு பக்கம்தான் இடம். அதற்குள் போன வாரத்து மலை விளிம்பில் இருந்து இறங்கி, ஒரு புது ஆபத்தைக் காட்டி, அடுத்த விளிம்பில் தொங்கவிட வேண்டும். அதனால்தான் ஸ்பைடர் கதையைப் புத்தகமாகச் சேர்த்துப் படிக்கும்போது மூச்சு வாங்குகிறது. ஒவ்வொரு இரண்டு பக்கத்துக்கும் ஒரு குண்டு வெடிக்கும். நமக்குத் தமிழில் மொத்தமாகக் கிடைத்ததால் பைத்தியம் பிடித்தது.

#15 கூர்மண்டை ரசிகன்

ஆஹா, அதுதானா! நான் சின்ன வயதில் இவனுக்கு ஏன் ஓய்வே இல்லை என்று நினைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் சாப்பிட்டதாகக்கூட நினைவில்லை.

அப்புறம் அந்த ஜம்பப் பேச்சு. பத்து பேர் சுற்றி நிற்கும்போது நான்கு வரிக்குத் தன்னைத் தானே புகழ்ந்துவிட்டுத்தான் வலையை வீசுவான். பள்ளி மைதானத்தில் நாங்கள் அதைச் சொல்லிக்கொண்டுதான் சண்டை போடுவோம். அந்தத் தற்பெருமைக்குப் பின்னால் பெயர் போட முடியாத ஒரு மனிதர் இருந்தார் என்று இன்றைக்குத் தெரிகிறது.

#16 கணக்குப்பிள்ளை

சரி, கிரிப்டான் கதையைத் தேடிப் படித்துவிட்டுத்தான் வருகிறேன். ஒரு அடி அதிர்ஷ்டம் என்ற வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆனால் சமரசத்தில் சூப்பர்பாயை விட்டது முட்டாள்தனம் என்பதை விடமாட்டேன்.

70களில் என்ன ஆனார்?

#17 வக்கீல் குமாஸ்தா

லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தார். ஆண்டுக்கு 7,500 டாலர் சம்பளத்தில் தட்டச்சு குமாஸ்தா. (நம் இனம்!) இன்னொரு பக்கம் இத்தாலியின் 'டோபோலினோ' இதழுக்கு டிஸ்னி வாத்துக் கதைகள் எழுதிக்கொண்டிருந்தார். அங்கேயும் மேலே டிஸ்னி பெயர், கீழே இவர் உழைப்பு. புதுப்பித்தல் வழக்கு 1973இல் தோற்றது, 1974இல் மேல்முறையீடும் தோற்றது. ஷஸ்டர் நியூயார்க்கில் தம்பி வீட்டில், பார்வை கிட்டத்தட்டப் போன நிலை.

1975இல் சூப்பர்மேன் திரைப்பட உரிமை 30 லட்சம் டாலருக்கு விற்றதாகக் கேள்விப்பட்டு உட்கார்ந்து ஒரு அறிக்கை தட்டினார். பல பக்கம். அந்தப் படம் மண்ணைக் கவ்வ வேண்டும் என்று சாபம் விட்டு, நாடெங்கும் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். ஓவியர்கள் நீல் ஆடம்ஸும் ஜெர்ரி ராபின்சனும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். செய்தித்தாள், தொலைக்காட்சி, கார்ட்டூனிஸ்ட் சங்கம் என்று கதவு கதவாகத் தட்டினார்கள். அப்போது டிசியின் சொந்தக்காரரான வார்னர் நிறுவனத்துக்குச் சட்டப்படி ஒரு காசு கொடுக்கும் கடமை இல்லை. ஆனால் பெரிய பட்ஜெட் படம் வரும் நேரத்தில் இந்த அவப்பெயர் வேண்டாம் என்று நினைத்தது. டிசம்பர் கடைசியில் ஒப்பந்தம்: ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மருத்துவச் செலவு, அப்புறம் 'சூப்பர்மேனை உருவாக்கியவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர்' என்ற வரி.

பணப் பேச்சைவிடப் பெயர்ப் பேச்சுதான் கடைசி வரை இழுத்தது என்று ராபின்சன் பின்னால் சொல்லியிருக்கிறார். 1978இல் படம் வந்தது, பெயரும் திரையில் வந்தது. சாபம் பலிக்கவில்லை, படம் ஓடு ஓடு என்று ஓடியது!

#18 நிழலெழுத்து

மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லிவிட்டீர்கள், எனக்கு மனசில் நின்றது ஒன்று உண்டு. அந்த முதல் காசோலை. 1938 மார்ச் 1 தேதியிட்டது, 412 டாலர். அதில் 130தான் சூப்பர்மேனுக்கு, மீதி மற்ற வேலைகளுக்கு. அதில் இரண்டு பேர் பெயரையும் தப்பான எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். வங்கி ஏற்க வேண்டுமே என்று பின்பக்கம் ஒரு தடவை தப்பாகவும் ஒரு தடவை சரியாகவும் கையெழுத்துப் போட்டு மாற்றியிருக்கிறார்கள். 2012இல் அந்தக் காகிதம் மட்டும் 1,60,000 டாலருக்கு ஏலம் போனது.

பழைய காசோலை ஒன்றை நானும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் என் பெயர் சரியாகத்தான் இருக்கிறது. காசோலையில் மட்டும்.

#19 பழையபேப்பர்

அம்மா, அதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று. 1940இல் ஒரு பத்திரிகை சீகலைப் பெயர் சொல்லி, முழுக் கட்டுரையில் வசைபாடியது. ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் பத்திரிகை. சூப்பர்மேன் ஹிட்லரைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருவதாக அமெரிக்க 'லுக்' இதழில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார், அதற்குக் கோபம். கிளீவ்லாந்துப் பையனின் பெயர் பெர்லின் வரை போயிருந்தது.

#20 சின்னதம்பி

இப்போது உரிமை குடும்பத்திடம் வந்துவிட்டதா அண்ணே?

#21 வக்கீல் குமாஸ்தா

இல்லை தம்பி. அமெரிக்காவின் 1976 காப்புரிமைச் சட்டம், பழைய ஒப்பந்தத்தை எழுத்தாளரோ வாரிசோ முறித்துக்கொள்ள ஒரு ஜன்னலைத் திறந்தது. சீகல் 1996 ஜனவரியில் இறந்தார். அடுத்த ஆண்டே மனைவியும் மகளும் முறிப்பு அறிவிப்புக் கொடுத்தார்கள். 2008இல் நீதிபதி ஒருவர் அந்த முதல் கதையின் உரிமையில் பங்கு உண்டு என்றார். கொண்டாட்டம்! ஆனால் 2001இல் குடும்பத்தின் வக்கீல் எழுதிய ஒரு கடிதம் இருந்தது, நிறுவனம் சொன்ன தொகைக்குச் சம்மதம் என்று. அந்தக் கடிதமே ஒப்பந்தம்தான் என்று 2013இல் மேல்நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜோயன் அதற்கு இரண்டு வருஷம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

குடும்பத்துக்குப் பணம் உண்டு, உரிமை நிறுவனத்துக்கு. முதல் கையெழுத்து மாதிரியே கடைசிக் கடிதமும் காலை வாரிவிட்டது.

#22 கணக்குப்பிள்ளை

தேதியைக் கூட்டிப் பார்த்தேன். நம் லயனில் ஸ்பைடர் வரும்போது, 80களின் நடுவில், சீகல் லாஸ் ஏஞ்சல்ஸில் உயிரோடு இருக்கிறார். எழுபது வயது. சிவகாசியில் அச்சாகி, திருச்சி பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் தொங்கியதை நான் அம்மாவிடம் அழுது வாங்கினேன். அந்த ஆளுக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம், பெயர் தெரிந்திருந்தால்.

#23 மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள். ஸ்கேன் கேட்டுத் தனிமடல் அனுப்புவோர் தயவுசெய்து நிறுத்தவும்.

#24 கூர்மண்டை ரசிகன்

மகளிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். நான்கு புத்தகத்திலும் பெயரை எழுதி வைத்துவிடுவோம் என்று பேனாவோடு வந்து நிற்கிறாள். எழுதலாமா பழையபேப்பர் ஐயா?

#25 பழையபேப்பர்

பேனா வேண்டாம், பென்சில். ஆர்டினியும் பெல்ஹாமும் முதன்முதலாக ஸ்பைடரிடம் வந்து சேரும் கதை ஒன்று இருந்தால் அது டெட் கோவனுடையது. அப்புறம் வார இதழ் தவிர, குட்டிப் புத்தக வரிசை ஒன்றும் அங்கே வந்தது, அதில் வேறு ஆட்களும் எழுதியிருக்கிறார்கள். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் மூச்சு வாங்குகிறதா, இரண்டு பக்கத்துக்கு ஒரு தொங்கல் வருகிறதா பாருங்கள், வந்தால் சீகலாக இருக்கலாம்.

#26 கூர்மண்டை ரசிகன்

ஒன்று கோவன் கதைதான், ஆர்டினி பூட்டு உடைக்கிற பக்கம் இருக்கிறது. ஒன்றில் தொங்கல் வரவில்லை, அதை வெறுமனே விட்டோம். மற்ற இரண்டிலும் வால் பக்கத்தின் ஓரத்தில் எழுதியாயிற்று. 'சீகல்' என்றா 'சீஜெல்' என்றா என்று கேட்டாள். காசோலைக் கதையைச் சொன்னதும் இரண்டையும் எழுதி, ஒன்றை அடித்துவிட்டாள்.